முட்டை கிடக்கிற வரப்பில் காலை வைக்காதீர்கள்: குமரி மாவட்டப் பறவைப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், சுசீந்திரம், மார்த்தாண்டம், குளச்சல் என்று மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் குளத்துக்கரைக்கும் உப்பளத்துக்கும் கிளம்புகிற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிமார்களுக்கும், அவர்கள் படம் போடுகிற வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்களை நடத்துகிற அட்மின்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி முடியும் வரைக்கும் நீர்க்கரைப் பறவைகளின் கூடு, முட்டை, பறக்கத் தெரியாத குஞ்சு, இந்த மூன்றின் படத்தையும் நம் குழுக்களில் யாரும் போட வேண்டாம். யார் போட்டாலும், எவ்வளவு பெரிய ஆள் போட்டாலும், அட்மின்கள் எடுத்துவிடுங்கள். கோரிக்கை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

நானும் கேமரா தூக்குகிறவன்தான். பறவை பக்கமே போகாதே, வீட்டிலிருந்து டிவியில் பார் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து மணக்குடிக் காயலிலும் புத்தளம் அளத்திலும் இறங்குகிற உள்ளான் கூட்டங்களை எடுங்கள், தேரூர்க் குளத்தில் கூழைக்கடாவை எடுங்கள், வேம்பனூரில் நாரையை எடுங்கள். அவை இங்கே முட்டையிட வரவில்லை. விலகிப் பறந்தால் அடுத்த பாத்தியில் இறங்கி மேயும் (அதையும் வேண்டுமென்றே விரட்டிப் பறக்கவிட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இன்னொரு நாள்). நான் சொல்வது, அந்தக் கூட்டம் வடக்கே திரும்பிப் போன பிறகும் இங்கேயே தங்கி, கொளுத்துகிற வெயிலில் நம் மண்ணிலேயே குஞ்சு பொரிக்கிறதுகளைப் பற்றி. நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, உப்புக்கொத்தி, சின்ன ஆலா, குளத்துக்குள் இலைக்கோழி.

இவற்றில் மரத்தில் கூடு கட்டுகிற பறவை ஒன்றுகூட இல்லை. அளத்தின் வரப்பில் மண் கொஞ்சம் குழிந்திருக்கும், சுற்றிலும் நாலைந்து சிப்பித் துண்டு, காய்ந்த உமரிக் குச்சி, உடைந்த உப்புப் பொருக்கு, அவ்வளவுதான் நெடுங்கால் உள்ளானின் கூடு. நான்கு முட்டை, கூர்முனை நான்கும் நடுவைப் பார்த்தபடி இருக்கும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டு, எனவே இரண்டடி தள்ளி நின்றாலும் முட்டை என்று தெரியாது. உப்புக்கொத்தியுடையது இன்னும் மோசம், இரண்டோ மூன்றோ முட்டைகளைப் பாதி மண்ணுக்குள் புதைத்த மாதிரி வைத்திருக்கும். ஒரு முட்டையை நீங்கள் கண்டுபிடித்து மண்டியிட்டு ஃபோகஸ் பண்ணுகிறீர்கள் என்றால், உங்கள் கூட வந்தவர் எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறார் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சித்திரை மாதம் பகல் பதினோரு மணிக்கு அளத்து வரப்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்று. அந்த மண்ணில்தான் முட்டை கிடக்கிறது. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இங்கே அந்தப் பறவை உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நிழல் கொடுக்கத்தான். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒன்று எழுந்து போய்ப் பாத்தித் தண்ணீரில் நின்று வயிற்றை முக்கும், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. முக்கிவிட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டை மேல் அமரும். வயிற்று இறகில் இருக்கிற ஈரம் முட்டையைக் குளிர வைக்கும். நெடுங்கால் உள்ளானும் செய்யும், ஆள்காட்டியும் செய்யும், உப்புக்கொத்தியும் செய்யும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இந்த வேலையைப் பார்க்கும். இது இருபத்தைந்து நாள் அளவுக்கு நடந்தாக வேண்டும், ஆள்காட்டிக்கு அதற்கும் மேலே சில நாள். குஞ்சு பொரித்த பிறகு அது பறக்கப் பழக இன்னும் ஒரு மாதம் போல.

இதற்கு நடுவில்தான் நாம் போய் நிற்கிறோம். நீங்கள் நிற்கிற நேரமெல்லாம் அந்தப் பறவை தலைக்கு மேலே சுற்றிக் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெறும் வெயிலில் கிடக்கும். அந்த வெயிலில் கரு சாவதற்கு மணிக்கணக்கு வேண்டாம். கரு செத்தது வெளியே தெரியவும் தெரியாது. முட்டை அப்படியே அழகாக இருக்கும், தாய் திரும்பி வந்து உட்காரவும் செய்யும், நீங்களும் "டிஸ்டர்ப் பண்ணாம எடுத்தேன், பறவை திரும்ப வந்து உக்காந்துச்சு" என்று கேப்ஷன் போடலாம். பறவை திரும்பி வந்து உட்கார்ந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை. செத்த முட்டை மேலும் அது நாள்கணக்கில் உட்காரும்.

போன கோடையில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் குழு, யார் என்று சொல்ல மாட்டேன், எந்த அளம் என்றும் சொல்லப் போவதில்லை, சொன்னால் இந்த மடலே லொகேஷன் பின் ஆகிவிடும். ஒரு குழுவில் நெடுங்கால் உள்ளான் முட்டை மேல் கால் மடக்கி அமருகிற படம் ஒன்று வந்தது. நல்ல படம், அதில் சந்தேகமே இல்லை. கீழே "அருமை அண்ணா", "வேற லெவல்", அப்புறம் வழக்கம்போல "லொகேஷன் ப்ளீஸ்", "இன்பாக்ஸ் பண்ணுங்க ப்ரோ". போட்டவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் படத்தின் பின்னால் தெரிந்த பம்ப் ஷெட்டை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பாதையில் கார்கள் நின்றன. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரு வரிசை எழுந்ததும் அடுத்த வரிசை. யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆளுக்குப் பத்து நிமிடம்தான், எல்லோரும் தங்கள் பத்து நிமிடத்தை மட்டும்தான் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பறவைக்கு அது காலை முழுக்க.

நான் போய்ப் பார்த்தபோது வரப்பை மறைத்துக்கொண்டிருந்த உமரிச் செடி வேரோடு இல்லை. படத்தில் இடைஞ்சலாக இருந்திருக்கும், யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். கூட்டைச் சுற்றி ஷூத் தடம், அந்தத் தடத்துக்கு மேலேயே நாய்த் தடம். முட்டை இல்லை, ஓட்டுத் துண்டு கொஞ்சம் கிடந்தது. நாய் தின்றதா காக்கை தின்றதா என்று எனக்குத் தெரியாது, வழி காட்டியது யார் என்று தெரியும். காக்கைக்கு மனிதனைப் படிக்கத் தெரியும், நாலு பேர் குனிந்து ஒரே இடத்தைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அது கம்பத்தில் காத்திருக்கும்.

அந்த அளத்தில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் சொன்னது இது: "நாங்க தெனமும் இந்த வரப்புலதான் நடக்கோம், அது எந்திரிக்கக்கூட செய்யாது. இந்த ஆளுவ வந்து குத்தவச்சு உக்காந்தாத்தான் அது கெடந்து கத்துது." இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உப்பு வாரப் போகிறவர் நிற்காமல் போகிறார், பறவையைப் பார்க்காமல் போகிறார், தினம் அதே நேரத்தில் அதே வழியில் போகிறார். நாமோ நிற்கிறோம், பதுங்குகிறோம், நேராக அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து கிட்டே போகிறோம். இரை பிடிக்கிற மிருகம் எப்படி வருமோ அப்படியே வருகிறோம். அதனால் "உப்புக்காரங்க மட்டும் நடக்கலையா" என்று இனிமேல் யாரும் கேட்காதீர்கள்.

"நான் 150-600 வச்சிருக்கேன், தூரத்துல நின்னுதான் எடுத்தேன்" என்பது அடுத்த பதில். தூரத்தை உங்கள் லென்ஸின் மில்லிமீட்டர் முடிவு செய்வதில்லை, பறவைதான் முடிவு செய்கிறது. அது முட்டையை விட்டு எழுந்தால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் கணக்கு. தலைக்கு மேல் "கிக் கிக் கிக்" என்று நாலு நெடுங்கால் உள்ளான் சுற்றினால் நீங்கள் ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் இல்லை, பல கூடுகளுக்கு நடுவில் நிற்கிறீர்கள். உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்றால் அதைத் துரத்திப் படம் எடுக்காதீர்கள். முட்டையிலிருந்தோ குஞ்சிலிருந்தோ உங்களை வேறு பக்கம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக அது போடுகிற நாடகம் அது. வந்த வழியே, காலடியைப் பார்த்துக்கொண்டு, திரும்பிப் போய்விடுங்கள்.

குஞ்சு விஷயம் இன்னும் வருத்தம். இந்த வகைக் குஞ்சுகள் பொரித்த நாளே ஓடும், ஆனால் தாய் அபாயக் குரல் கொடுத்துவிட்டால் இருந்த இடத்தில் அப்படியே தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். எவ்வளவு கிட்டே போனாலும் அசையாது. "என்ன அழகா போஸ் குடுக்குது பாருங்க" என்று அதைத்தான் எழுதுகிறோம். அது பயந்து உறைந்து கிடக்கிறது. நீங்கள் போகிற வரைக்கும் அது இரை எடுக்காது, தாயின் நிழலுக்கும் போகாது, பஞ்சுருண்டை அளவு உடம்பு வெயிலில் வாடும். சிலர் உள்ளங்கையில் தூக்கி வைத்து ரீல்ஸ் எடுத்திருக்கிறார்கள். அதற்கு வந்த ஹார்ட்டின் எண்ணிக்கையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

குளத்துப் பக்கம் வருவோம். நீளவால் இலைக்கோழியை எடுக்காத ஆள் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார், அந்த நீண்ட கறுப்பு வால் இனப்பெருக்க காலத்தில் மட்டும்தான் என்பதால் ஆனி, ஆடியில் அதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், கரையில் நின்று எடுக்கட்டும். ஆனால் இந்தப் பறவையின் குடும்ப வழக்கம் தலைகீழ் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை மேய்ப்பதும் முழுக்க ஆண்தான். நெடுங்கால் உள்ளானிலாவது மாற்று ஆள் உண்டு, இங்கே அந்த ஒருத்தனை எழுப்பிவிட்டால் வந்து உட்கார வேறு யாரும் கிடையாது. கூடு என்று பார்த்தால் மிதக்கிற இலை மேல் நாலு பாசிக் கொத்து, பாதி தண்ணீரில் நனைந்தபடி. படகு கிட்டே போய் அலை அடித்தாலே முட்டை உருளும். பேச்சிப்பாறை அணையில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்து, தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து குளம் ஏறி இறங்குகிற காலம் வேறு, அதுவே அதற்குப் பெரிய பாடு. இதில் தாமரை பறிக்கிறவர்களிடம் மிதவையை வாடகைக்குக் கேட்டு உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். தோவாளைச் சந்தைக்குப் பூ பறிக்கப் போகிறவர் பிழைப்புக்குப் போகிறார். நமக்கு என்ன அவசரம்?

"போனா போகட்டும், திரும்ப முட்டை போடும்ல" என்று ஒரு தம்பி கேட்டான். போடும், சில நேரம். ஆனால் நம் ஊர் கணக்கைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் போட்ட முட்டைதான் மழைக்கு முன்னால் குஞ்சாகித் தப்பும். அதைக் கெடுத்துவிட்டால் அடுத்த ஈடு இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், போய் மாட்டும். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அது நமக்கு வரம், தரையில் முட்டையிடுகிற பறவைக்கு அப்படி இல்லை. தண்ணீர் ஏற ஏற நெடுங்கால் உள்ளான் கூட்டுக்கு அடியில் குச்சியும் மண்ணும் சேர்த்து உயர்த்தப் பார்க்கும், அதற்கும் ஓர் அளவு உண்டு.

இன்னொன்று, இந்த அனுமன் உப்புக்கொத்தி மோகம். கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்வகை என்று கிடந்ததை 2023இல் தனி இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியக் கடலோரத்திலும்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அது பட்டியலில் வேண்டும், அதுவும் முட்டையோடு வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை நம் கடற்கரையில் மணலில் முட்டையிடுகிறது என்றால், நாம் அதற்குக் காவலாக இருப்போம் என்றுதான் வெளியூர்க்காரன் நினைப்பான். நாமே முதல் ஆளாக வரிசையில் நிற்கிறோம்.

சரி, எதிர்வாதத்தில் நியாயமான ஒன்று உண்டு, அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன். "குளத்துக்குள்ளயே நாலுவழிச் சாலைக்கு மண்ணைக் கொட்டினான், ஊர்ச் சாக்கடையெல்லாம் பழையாத்துல விடுதான், ஆகாயத்தாமரை குளத்தை மூடிக் கெடக்கு, அதை எல்லாம் விட்டுட்டு நாலு போட்டோ எடுக்கிறவன்கிட்ட வந்து நிக்கியா" என்று கேட்கிறார்கள். உண்மை. ஒரு குளத்தை மூடினால் போகிற கூடுகளுக்கு முன்னால் நம் கூட்டம் மிதிப்பது சின்னதுதான். ஆனால் அந்தச் சண்டையில் நம் கையில் இருக்கிற ஆயுதமே படமும் எண்ணிக்கையும்தான். இந்தக் குளத்தில் இந்தப் பறவை இத்தனை இருந்தது என்று வருடக்கணக்கில் எழுதி வைத்தவர்கள் இருந்தால்தான் குளத்துக்காகப் பேசப் போகிறவர் கையில் எதையாவது வைத்துக்கொண்டு பேச முடியும். சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் வேம்பனூரும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியபோது நாமெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே கூட்டை மிதிக்கிற ஆட்கள் என்று பெயர் வாங்கிவிட்டால், நாளைக்கு மண் கொட்டுகிறவனுக்கு எதிராக நாம் போய் நிற்கும்போது எவன் கேட்பான்?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற எண்ணம் இல்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 1972ஆம் வருடத்துக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் எதையெல்லாம் வேட்டை என்று கணக்கில் எடுக்கிறதோ, அதில் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் அடக்கம். துப்பாக்கி தேவையில்லை. சரணாலயத்துக்குள் இருந்தாலும் வெளியே தனியார் அளத்தில் இருந்தாலும் ஒன்றுதான். அந்தச் செடியைப் பிடுங்கியவருக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு "நெஸ்டிங் ஷாட் உறுதி" என்று வெளியூர் ஆட்களைக் கூட்டி வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அப்படியென்றால் ஆறு மாதம் கேமராவைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டுமா? வேண்டாம். பங்குனித் தொடக்கத்தில் முட்டையிடுவதற்கு முன்னால் நெடுங்கால் உள்ளான் ஜோடி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதை ரோட்டிலிருந்தே எடுக்கலாம். வயிற்றை நனைக்க அது தண்ணீருக்கு வருகிற காட்சி நான் பார்த்தவரை யாரும் ஒழுங்காக எடுத்ததே இல்லை. காருக்குள் இருந்தபடி, கண்ணாடியை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். பறவை காரைப் பொருட்படுத்தாது, கதவைத் திறந்து கால் வெளியே வந்ததும்தான் கத்தும். இலைக்கோழிகள் சண்டை போடுவதைக் கரையில் நின்று எடுங்கள், சண்டை கூட்டை விடச் சுவாரசியம். ஆவணியில் பறக்கப் பழகிய இளசுகள் தாயோடு மேயும், அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். எங்கேயாவது தற்செயலாக முட்டை கண்ணில் பட்டுவிட்டால் படம் எடுக்காமல் அப்படியே பின்வாங்குங்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம். செல்போனில் குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுகிற வேலையும் இந்த மாதங்களில் வேண்டாம்.

இனி அட்மின்களுக்கு மட்டும். நீங்கள் நினைத்தால் ஒரே வாரத்தில் இது பாதி நின்றுவிடும், ஏனென்றால் கூட்டுப் படம் எடுக்கிறவர் தன் அலமாரிக்காக எடுக்கவில்லை, உங்கள் குழுவில் போடத்தான் எடுக்கிறார். போட இடம் இல்லை என்றால் அந்த வெயிலில் எவன் போய்க் குத்தவைப்பான்? முக்கியமாக வாரத்தின் சிறந்த படம் என்று கூட்டுப் படத்துக்குப் பரிசு கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். இந்த மாதங்களில் வருகிற எந்தப் படத்துக்கும் "குமரி மாவட்டம்" என்பதற்கு மேல் இடப்பெயர் வேண்டாம், பின்னணியில் பம்ப் ஷெட்டோ கோயில் கோபுரமோ தெரிந்தால் வெட்டிப் போடச் சொல்லுங்கள். "லொகேஷன் ப்ளீஸ்" என்று கேட்கிறவரைத் திட்ட வேண்டாம், பாதிப் பேர் புதுப் பையன்கள், இந்த மடலை அனுப்பினால் போதும். மூத்தவர்கள் யாராவது போட்டால் தனியாக போன் பண்ணிச் சொல்லுங்கள், மரியாதைக்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள், இளசுகள் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

பழைய கூட்டுப் படங்களை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயம், இடம் தெரிகிற மாதிரி இருப்பதை நீக்கிவிடுங்கள், அளங்களில் வருடா வருடம் அதே பக்கத்தில்தான் முட்டையிடுகின்றன. மற்றதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். இதில் மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் குழுவிலேயே எழுதுங்கள், சண்டை போடலாம், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மாசி முடிவதற்குள் முடிவெடுத்து மேலே பின் பண்ணிவிடுங்கள், உள்ளான்கள் நம் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காது.